கலனிலிருந்து தெளிப்பான் வரை

1987-இல் ஃபோர்டு நிறுவனம் விற்ற மஸ்டாங் மகிழுந்தின் ஐந்து லிட்டர் எட்டுருளைப் பொறி 225 குதிரைத்திறன் தந்தது. அப்பொறிக்கு எரிபொருள் ஊட்டப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவைப்படவில்லை. பின்புறக் கலனுக்குள் மணிக்கு 88 லிட்டர் இறைக்கும் மின் எக்கி. வண்டியின் அடித்தட்டை ஒட்டி முன்னோக்கி ஓடும், 5/16 அங்குலப் புறவிட்டமுள்ள எஃகுக் குழாய். பொறி உண்டது போக மிஞ்சியதைக் கலனுக்கே திருப்பிக் கொணரும் கால் அங்குல மீள்குழாய். இவ்வளவுதான். விலை குறைவு, எடையும் குறைவு, உதிரிப் பொருள்கள் எளிதில் கிடைக்கும் என்பதால், அமெரிக்காவில் திறன் கூட்டிப் பார்க்க விரும்புவோர் இன்றும் அந்தத் தலைமுறை மஸ்டாங்கைத் தேடி வாங்குகின்றனர். டர்போ பூட்டி, தெளிப்பான்களைப் பெரிதாக்கி, 500 குதிரைத்திறன் வரை ஏற்றிவிடுகின்றனர். அதற்கு மேல் போனால் பொறியின் வார்ப்புக் கட்டையே இரண்டாகப் பிளக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. இந்தக் கட்டத்தில்தான் அடித்தட்டின் கீழ் ஓடும் இரு மெல்லிய குழாய்களின் மேல் அவர்கள் கண் விழுகிறது. பெரும்பாலும் தவறான குழாயின் மேல்தான் முதலில் விழுகிறது.

பொறியின் பசியை முதலில் அளந்துகொள்வோம். டர்போ பூட்டிய பெட்ரோல் பொறி, முழு விசையில், ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 270 கிராம் எரிபொருளைச் செலவிடும். எரிவதற்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றி, அது ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் உருளைகளைக் காக்க வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு செலவு. அப்படியாயின் 500 குதிரைத்திறனுக்கு மணிக்கு 135 கிலோ, அதாவது ஏறக்குறைய 180 லிட்டர். பழைய 88 லிட்டர் எக்கி இதில் பாதிக்கும் எட்டாது. ஆகவே மணிக்கு 255 லிட்டர் இறைக்கும் எக்கி ஒன்றைக் கலனுக்குள் இறக்குவது வழக்கம். இந்த 255 என்பது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் மட்டுமே உண்மை. எதிர் அழுத்தம் கூடக் கூட எக்கி தரும் அளவு குறையும். டர்போ காற்றை ஒரு பார் மிகையழுத்தத்தில் திணித்தால், தெளிப்பானுக்குப் பின்னுள்ள எரிபொருளும் ஒரு பார் உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் தெளிப்பானின் இருபுறத்து அழுத்த வேறுபாடு சுருங்கி, பொறிக்கு மிகுதியாக வேண்டிய நேரத்தில் குறைவாகத் தெளிக்கும். எனவே எக்கியிடம் கடுமையான உழைப்பைக் கேட்கும் அதே கணத்தில் அதன் கை தளர்கிறது. குழாய்களில் வீணாகும் அழுத்தம் இதனுடன் சேரும்போதுதான் தொல்லை.

குழாயில் எவ்வளவு வீணாகும்? 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாய இழை ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். மெதுவாக ஓடியவரை இழை நேராக நின்றது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இழை குலைந்து குழாய் முழுதும் கலங்கிற்று. சீரோட்டம் கொந்தளிப்போட்டமாக மாறும் அந்த எல்லையைக் குறிக்கும் எண்ணுக்கு அவர் பெயரே வழங்குகிறது. குழாய்களில் அந்த எல்லை ஏறத்தாழ 2,300. நம் மஸ்டாங்கின் குழாயில் பெட்ரோல் ஓடும்போது ரேனால்ட்ஸ் எண் இருபதாயிரத்தைத் தாண்டும். பெட்ரோல் நீரைவிடப் பிசுக்குக் குறைந்தது. ஆதலால் இத்தகைய வண்டியில் அது அமைதியாக ஓடுவதில்லை. கொந்தளிப்போட்டத்தில் ஒரே அளவு நீர்மத்தைச் செலுத்தும்போது, அழுத்த இழப்பு குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு முப்பத்திரண்டு மடங்கு.

இந்த ஐந்தாம் அடுக்கு இருமுனைக் கத்தி. 5/16 அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். நான்கரை மீட்டர் நீளத்துக்கு, மணிக்கு 255 லிட்டர் ஓடினால், கணக்கின்படி இழப்பு 0.3 பார் அளவில் வரும். அதை எடுத்துவிட்டு 8.7 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஆறாம் எண் நெகிழ்குழாயைப் போட்டால் இழப்பு 0.08 பாராகச் சுருங்கும். இது செய்யத்தக்க வேலை. ஆனால் பந்தயக் களத்தில் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் எட்டாம் எண் குழாய்க்குப் போனால் அங்கே மீட்பது மேலும் 0.05 பார் மட்டுமே. அதற்கு ஈடாக எடையும் விலையும் வளைவின் கடுமையும் கூடும். அதே இடத்தில் கூர்மையாகத் திரும்பும் ஒரு முழங்கை இணைப்பியோ, அடைபட்ட வடிகட்டியோ இதைவிட அதிகம் தின்றுவிடும். ஊட்டுக்குழாயை ஒரு படி பெரிதாக்குவது அறிவு. இரண்டு படி பெரிதாக்குவது பெரும்பாலும் அணிகலன்.

எவரும் திரும்பிப் பாராத மீள்குழாயில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மஸ்டாங்கின் அழுத்தச் சீராக்கி, தெளிப்பான்களுக்கு எரிபொருள் பகிரும் தண்டின் கடைசியில் அமர்ந்து, தேவைக்கு மிஞ்சியதைத் திறந்துவிட்டு அழுத்தத்தை 2.7 பார் அளவில் நிறுத்துகிறது. பொறி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது உள்ளிழு குழலில் வெற்றிடம் இருப்பதால், அது நிறுத்த வேண்டிய அழுத்தம் 2.1 பார் அளவுக்கு இறங்கும். அந்நேரம் பொறி உண்பது மிகச் சிறிது. எக்கி தரும் 255 லிட்டரில் ஏறத்தாழ முழுவதும் அந்தக் கால் அங்குலக் குழாய் வழியேதான் திரும்பியாக வேண்டும். அதன் உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. கணக்கிட்டால் அங்கே 1.2 பார் எதிரழுத்தம் பிறக்கிறது. சீராக்கி இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனால் மணிக்கு 400 லிட்டர் தரும் எக்கியைப் பூட்டிப் பாருங்கள்: எதிரழுத்தம் மூன்று பாரை நெருங்குகிறது. சீராக்கி வாயை முழுதும் திறந்து வைத்தாலும் தண்டின் அழுத்தம் இறங்காது. பொறி கரும்புகை கக்கும், தீப்பொறிச் செருகிகள் கரி படிந்து நனையும். சீராக்கி கெட்டதென்று எண்ணி உரிமையாளர் அதை மாற்றுவார். புதியதும் அப்படியே நடந்துகொள்ளும். குற்றம் அதனுடையதன்று. ஊட்டுக்குழாய்க்கு ஆறாம் எண் என்றால் மீள்குழாய்க்கும் ஆறாம் எண்ணே போடுவது, நான் அறிந்தவரை, இந்த வேலையில் ஆகச் சிறந்த செலவு.

மீள்குழாய்க்கு இன்னொரு குணமும் உண்டு. முன்னே சென்று பொறியின் சூட்டை உண்ட பெட்ரோலை அது கலனுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீண்ட ஓட்டத்தில் கலனே வெதுவெதுப்பாகிவிடும், ஆவி பெருகும். ஆவி வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இறுகியபோது, உற்பத்தியாளர்கள் மீள்குழாயையே கைவிட்டனர். மஸ்டாங்கிலும் 1999 முதல் அது இல்லை.

சூடு என்றதும் எக்கிக்கு முன்னுள்ள உறிஞ்சு பக்கத்துக்கு வருகிறோம். என் மதிப்பில் குழாய்ப் பணியின் உயிர்நிலை இதுவே. எக்கி தள்ளும் பக்கத்தில் எத்தனை பார் வேண்டுமாயினும் சேர்க்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் நமக்கு உள்ள முதல் வளிமண்டலம் தரும் ஒரே ஒரு பார்தான். அதிலும் பெரும்பகுதி பெட்ரோலின் ஆவியழுத்தத்துக்குப் போய்விடுகிறது. கோடைக்கெனக் காய்ச்சிய பெட்ரோலின் ஆவியழுத்தமே 38 பாகை வெப்பத்தில் அரைப் பாருக்கும் மேல். உறிஞ்சு பக்க அழுத்தம் அந்த அளவைத் தொட்டால் நீர்மம் குழாய்க்குள்ளேயே கொதிக்கும். எக்கியின் பற்களுக்கிடையே குமிழிகள் தோன்றி நொறுங்கும். அது கீச்சென்று கத்தும், அளவு குறைந்து தரும், விரைவில் தேய்ந்து சாகும். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். 2,862 மீட்டர் உயரத்தில் தொடங்கி 4,302 மீட்டரில் முடியும் அப்பாதையின் உச்சியில் வளியழுத்தம் 0.6 பார் மட்டுமே. உறிஞ்சுவதற்கென எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. எக்கியைக் கலனுக்குள்ளேயே மூழ்கவைக்கும் வழக்கம் இதனால்தான் நிலைபெற்றது. வெளியே வைத்தே ஆகவேண்டுமெனில், கலனின் அடிமட்டத்துக்கும் கீழே, இயன்ற அளவு அருகே, ஊட்டுக்குழாயைவிட ஒரு படி பெரிய குழாயால், முழங்கையின்றி இணைக்க வேண்டும். உறிஞ்சு பக்க வடிகட்டி 100 மைக்ரான் அளவுக்குத் தாராளமாக இருக்க வேண்டும். நுண்துகள்களைப் பிடிக்கும் 10 மைக்ரான் வடிகட்டியின் இடம் எக்கிக்குப் பின்பு. இவ்விரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி எக்கியைக் கொன்றவர்கள் பலர்.

வண்டியின் இயக்கமே எரிபொருளை எதிர்ப்பதும் உண்டு. கலன் பின்னே, பொறி முன்னே. புவியீர்ப்புக்கு நிகரான முடுக்கத்தோடு வண்டி பாய்ந்தால், நான்கரை மீட்டர் நீளமுள்ள பெட்ரோல் தம்பம் பின்னோக்கி அழுத்தும் அளவு 0.33 பார். குழாயின் உராய்வு இழப்புக்கு நிகரான தொகை இது. எந்தப் பெரிய குழாயாலும் இதைக் குறைக்க இயலாது. விட்டத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தெளிப்பான் முறையில் 2.7 பார் இருப்பதால் தாங்கும். அரைப் பாருக்கும் குறைவான அழுத்தத்தில் இயங்கும் கார்புரேட்டர் வண்டிகளில் இதுவே பேரிழப்பு. அதனால்தான் நேர்கோட்டு ஓட்டப் பந்தயத்தில் கார்புரேட்டரை வைத்திருப்போர், நீண்ட குழாயில் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, சீராக்கியைக் கார்புரேட்டரின் பக்கத்திலேயே வைத்துக் குறைக்கின்றனர். நைட்ரோமீத்தேன் எரிக்கும் டாப் ஃபியூவல் வண்டிகள் இதில் ஒரு படி மேலே போய்விட்டன. புவியீர்ப்பின் நான்கு மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் கிளம்பும் அவற்றின் கலன் ஓட்டுநருக்கு முன்னே, மூக்குப் பகுதியில் இருக்கிறது. பகையாக இருந்த முடுக்கம் அங்கே எரிபொருளைப் பொறியை நோக்கித் தள்ளும் துணையாகிவிடுகிறது.

வளைவு மிகுந்த சுற்றுப்பாதைகளில் துன்பம் வேறு வகை. நீண்ட திருப்பத்தில் பெட்ரோல் கலனின் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, எக்கியின் வாய் காற்றை விழுங்கும். ஒரு சிறிய எக்கி முதன்மைக் கலனிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் இடைக்கலனை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்க, பெரிய எக்கி அந்த இடைக்கலனிலிருந்து மட்டும் உறிஞ்சுவதே இதற்கு மருந்து. காற்று மேலே பிரிந்து கலனுக்குத் திரும்பிவிடும்.

இனிக் குழாயின் உடல். நீண்ட, அசையாத பகுதிக்கு எஃகோ அலுமினியமோ ஏற்றது. வளைக்க எளிதென்று செம்பைத் தேடுவோர் உண்டு. செம்பு அதிர்வில் இறுகி வெடிப்பதோடு, பெட்ரோல் ஆக்சிசனோடு கூடிப் பிசினாவதையும் விரைவுபடுத்தும் வினையூக்கி. அதை விலக்குக. பொறிக்கும் சட்டகத்துக்கும் இடையே அசைவு இருப்பதால் அங்கே நெகிழ்குழாய் கட்டாயம். எஃகுப் பின்னல் போர்த்திய நெகிழ்குழாய் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றே. உள்ளே ரப்பரா டெஃப்லானா என்பதில்தான் வேறுபாடு. ரப்பர் எளிதில் வளையும், ஆனால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே பெட்ரோல் மெல்லக் கசிந்து ஆவியாகும். ஒரு சொட்டும் ஒழுகாத வண்டி நிற்கும் கொட்டகையில் பெட்ரோல் வாடை வீசினால் காரணம் இதுவாக இருக்கலாம். எத்தனால் கலந்தால் பழைய வகை ரப்பர்கள் ஊறிப் பருத்து வெடிக்கும். பூச்சற்ற அலுமினியமும் நாளடைவில் அரிக்கப்படும். இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு என்பதால் இது அமெரிக்கப் பந்தயக்காரர்களின் கவலை மட்டுமன்று.

1938-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த டெஃப்லானை எத்தனாலும் பெட்ரோலும் ஒன்றும் செய்வதில்லை, வாடையும் விடாது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். விரைந்தோடும் பெட்ரோல் அதன் சுவரில் நிலைமின்னேற்றத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். மின்னேற்றம் போக வழியின்றி, ஒரு நாள் சுவரைத் துளைத்து எஃகுப் பின்னலுக்குப் பாயும், ஊசித்துளை விழும், அத்துளையில் பெட்ரோல் கசியும். எனவே எரிபொருளுக்கான டெஃப்லான் குழாயின் உட்சுவரில் கரித்தூள் கலந்து மின்கடத்தியாக்குகின்றனர். வெள்ளை உட்சுவருள்ள மலிவுக் குழாயை இதற்கு வாங்குதல் கூடாது. கலனுக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக் குழாய்க்கும் தனி வகை உண்டு. சாதாரணக் குழாயின் உட்சுவர்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் தாங்காது. ஆகவே உள்ளும் புறமும் தாங்கும் எஸ்.ஏ.இ. 30ஆர்10 வகையையே அங்கே இட வேண்டும். விலை கண்ணைக் கரிக்கும். அரை முழத்துக்கு மேல் தேவைப்படாது என்பது ஆறுதல்.

ஆறாம் எண், எட்டாம் எண் என்னும் அளவுகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வானூர்திகளுக்காக வகுத்த ஏ.என். தரத்திலிருந்து வந்தவை. எண் என்பது அதற்கு இணையான வன்குழாயின் புறவிட்டத்தைப் பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்வது. அந்த இணைப்பி 37 பாகை கூம்பில் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைக்கிறது. அமெரிக்க மகிழுந்துத் தொழிற்சாலைகளின் பழைய குழாய்வாய்களோ 45 பாகை. இரண்டும் சில அளவுகளில் மரையும் கூடிப் பொருந்திவிடுவதுதான் இடர். முறுக்கினால் ஏறும், இறுகியதுபோல் தோன்றும், ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு பின்னர் கசியும். கூம்பில் அடைப்பு நிகழ்வதால் மரையில் டெஃப்லான் நாடா சுற்றுவது பயனற்றது. பயனின்மையோடு நின்றாலும் பரவாயில்லை. பிய்ந்த நாடா நூல் தெளிப்பானின் நுண்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். கூம்பு மரையுள்ள குழாய் இணைப்பிகளுக்குத்தான் அடைப்புப் பசை தேவை.

குழாயை வெட்டுவதில் பொறுமை வேண்டும். வெட்டுமிடத்தில் நாடாவை இறுகச் சுற்றி, அதன் நடுவே மெல்லிய அராவு வட்டால் அறுத்தால் பின்னல் சிலிர்க்காது. அறுத்தபின் உள்ளே ஒட்டிய தூளை மண்ணெண்ணெயாலும் அழுத்தக் காற்றாலும் முற்றிலும் கழுவுதல் வேண்டும். தெளிப்பான் அடைபடும் கதைகளில் பாதி இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததில் தொடங்குகின்றன. இணைப்பியின் வெளிக்கூட்டைக் குழாயில் ஏற்றியபின், அது முடியும் இடத்தில் குழாய்மேல் ஒரு கோடு கிழித்துக்கொள்வர்; உள்முனையைத் திருகும்போது குழாய் வெளியே நழுவினால் அக்கோடு காட்டிக்கொடுக்கும். மரைக்கு எண்ணெய் இடாமல் அலுமினிய இணைப்பியைத் திருகினால் மரையே உருகியதுபோல் பற்றிக்கொள்ளும். டெஃப்லான் குழாய்க்குரிய முனைகள் வேறு, ரப்பர் குழாய்க்குரியவை வேறு. டெஃப்லானில் பின்னலுக்கும் உட்சுவருக்கும் இடையே ஒரு சிறு வளையத்தைச் செருகியாக வேண்டும். ரப்பருக்குரிய முனையை அதில் பூட்டினால் முதல் அழுத்தத்திலேயே கழன்று வரும்.

குழாயை எங்கே ஓட்டுவது என்பதில் பந்தய அமைப்புகளின் விதிகளே நல்லாசான்கள். அவற்றின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எங்கோ ஒரு வண்டி எரிந்திருக்கும். பிளைவீல் சுழலும் பகுதியருகே செல்லும் எரிபொருள் குழாயை, எட்டில் ஒரு அங்குலச் சுவர்த் தடிப்பும் 16 அங்குல நீளமும் உள்ள எஃகுக் குழலுக்குள் அடக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. பிளைவீல் சிதறினால் அதன் துண்டுகள் பறக்கும் தளம் அதுவே. ஓட்டுநர் அறைக்குள் குழாய் சென்றால் அங்கே இணைப்பிகள் கூடாது. நெகிழ்குழாய் 135 பாகை வெப்பத்தில் 70 பார் வரை வெடிக்காதிருக்க வேண்டும் என்கிறது உலகத் தானுந்து அமைப்பான எஃப்.ஐ.ஏ. மூன்று பாரில் ஓடும் குழாய்க்கு எழுபது பார் மிகை எனத் தோன்றும். மோதலில் நசுங்கி இழுபடும் குழாய் அப்படி எண்ணாது. புகைபோக்கியிலிருந்து விலகி, உந்து தண்டின் வழியிலிருந்து விலகி, ஓரடிக்கு ஒரு முறையேனும் ரப்பர் இட்ட கவ்வியால் பிடித்து ஓட்டுக. எஃகுப் பின்னல் அழகானதுபோல் அரமும் ஆகும். தொட்டு அதிரும் எதையும், மின்கம்பி உறையையும் அலுமினியத் தகட்டையும் ஈராண்டில் அறுத்துவிடும்.

முடிந்ததும் பொறியைக் கிளப்புதல் கூடாது. எக்கியை மட்டும் தனியே ஓடவிட்டு, தீயணைப்பான் அருகிருக்க, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். பின்பு எக்கியை நிறுத்தி அழுத்தமானியை நோக்குக. முள் நிலைத்து நின்றால் நன்று. மெல்ல இறங்கினால் உடனே இணைப்பிகளை மேலும் முறுக்கப் போகவேண்டியதில்லை. மிகை முறுக்கில் கூம்பு நசுங்கும். மீள்குழாயில் ரப்பர்ப் பகுதி இருந்தால் அதைச் சற்று நெரித்துவிட்டு மீண்டும் சோதிக்கலாம். இறக்கம் நின்றால் கசிவது சீராக்கி. நெரித்தும் இறங்குகிறது, தாளோ எங்கும் நனையவில்லை என்றால், எக்கியின் வாயிலுள்ள ஒருவழித் தடுக்கிதழோ கலனுக்குள் மூழ்கிய அந்த அரைமுழக் குழாயின் பிடிப்போ நழுவுகிறது என்று கொண்டு, கலனின் மூடியைத் திறக்க வேண்டும்.